குதிரையோட மலையில டென்ட் போடலாமா? ஊட்டி, கொடைக்கானல் கிளம்புறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியவை

பச்சைப் புல்வெளி, பின்னால் மலை, பக்கத்தில் கட்டிப்போட்ட குதிரை, கூடாரத்துக்கு முன்னால் எரியும் நெருப்பு. போனைத் திறந்தாலே இந்த மாதிரி ரீல்ஸ்தான். காஷ்மீர், இமாச்சல்னு ஊர் பேர் மாறும், காட்சி மாறாது. திருவொற்றியூர் தேரடி டீக்கடையில் உட்கார்ந்து இதைப் பார்க்கும் நாலு நண்பர்களுக்கு அடுத்து என்ன தோன்றும்? "நம்ம ஊர்லயே ஊட்டி இருக்கு, கொடைக்கானல் இருக்கு. ரெண்டு நாள் குதிரையோட போய் டென்ட் போட்டுட்டு வந்தா என்ன?"

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் தமிழ்நாட்டில் இதற்கான பதில் ரீல்ஸில் தெரிவது போல அவ்வளவு சுலபம் இல்லை. சுருக்கமாகச் சொன்னால், காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எதிலும் உங்கள் இஷ்டத்துக்குக் குதிரையோடு போய் இரவு தங்க முடியாது. பட்டா நிலத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு முடியும். அங்கேயும் எத்தனை நாள், எவ்வளவு தூரம் என்பதை முடிவு செய்யப்போவது நீங்கள் இல்லை, குதிரையின் வயிறும் குளம்பும்தான்.

ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சட்டத்தின் கண்ணில் குதிரையும் ஆடும் ஒண்ணுதான்

நாம் குதிரையை வாகனமாகப் பார்க்கிறோம். பைக்கில் போவது மாதிரி குதிரையில் போகிறோம், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். வனச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1927-ம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் 'கால்நடை' என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்தில் ஆடு, எருமையோடு குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதை எல்லாம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் குதிரையைக் கால்நடைப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

இதனால் என்ன ஆகும்? நீங்கள் காப்புக்காட்டில் நுழைந்தால் அது அத்துமீறல். குதிரை அங்கே குனிந்து நாலு வாய் புல் தின்றால் அது அனுமதியில்லாத மேய்ச்சல். ராத்திரி குளிருக்கு அடுப்பு மூட்டினால் அது காட்டுக்குள் தீ வைத்த குற்றம். ஒரே ராத்திரியில் மூணு வழக்கு! தமிழ்நாட்டின் காப்புக்காடுகளுக்குப் பொருந்தும் 1882-ம் ஆண்டு வனச் சட்டம் இந்த மூன்றையுமே தடை செய்கிறது.

சரணாலயம் என்றால் இன்னும் கடுமை. முதுமலையும் முக்கூர்த்தியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொடைக்கானலைச் சுற்றியுள்ள காடுகளில் பெரும்பகுதியும் இப்போது வன உயிரின சரணாலயம்தான் என்பது பலருக்குத் தெரியாது. தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சலுக்கே இடமில்லை. வன உயிரினச் சட்டத்தை மீறினால், 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

'கால்நடை தின்னா புல்லு திரும்ப முளைக்காதா?' என்று கேட்கலாம். நீலகிரி, பழனி மலைகளின் உச்சியில் இருப்பது சோலைக்காடும் புல்வெளியும் கலந்த நிலம். புல்வெளி பஞ்சு மாதிரி மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு, பள்ளத்தில் இருக்கும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். லாடம் அடித்த நாலு கால் அந்தச் சதுப்பான ஓரத்தில் ரெண்டு நாள் மிதித்தால் ஓடைக்கரை உடைந்துபோகும். இன்னொரு சிக்கல், சாணம். ஆங்கிலேயர் காலத்தில் வந்த களைச்செடிகள் ஏற்கெனவே நீலகிரிப் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. கீழே தின்ற தீவனத்தில் இருக்கும் விதை, குதிரையின் வயிற்றில் சாகாமல் மேலே போய் விழுந்து முளைக்கும். அமெரிக்காவில் குதிரையோடு காட்டில் முகாம் போட அனுமதிக்கும் பல இடங்களில், களை விதை இல்லை என்று சான்று பெற்ற வைக்கோலைத்தான் கொண்டுவர வேண்டும் என்று விதி இருப்பது இதனால்தான்.

அப்போ 'டிரெக் தமிழ்நாடு'?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம் அது. 40 பாதைகள், ஆன்லைன் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். அத்தனையும் நடந்து போவதற்கான பாதைகள். குதிரைக்கு அதில் இடம் கிடையாது.

அந்த ஏற்பாட்டின் பின்னால் ஒரு பெரிய சோகம் இருக்கிறது. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போனவர்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் 2018-லேயே வந்தன. கோடையில் தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுகிறார்கள்.

குரங்கணியில் ஓடத் தெரிந்த மனிதர்களே சிக்கிக்கொண்டார்கள். கயிற்றில் கட்டியிருக்கும் குதிரை என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தா ஆறு குதிரை வேணும்

சட்டத்தை ஓரமாக வைப்போம். ஒரு நண்பரின் தோட்டத்திலேயே அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர், மூணு பகல், ரெண்டு ராத்திரி. எத்தனை குதிரை தேவை?

'நாலு பேருக்கு நாலு' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கணக்கு அப்படி வராது.

ஒரு குதிரை தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க குதிரைக்காரர்கள் வைத்திருக்கும் பொது அளவு. நம் மலைகளில் கிடைப்பது பெரும்பாலும் மட்டக்குதிரை. நன்றாக வளர்ந்த ஒன்றை 350 கிலோ என்று வைத்தால், அது சுமக்கக்கூடியது 70 கிலோ. இதில் சேணத்தின் எடையும் சேர்த்தி! இந்தியச் சட்டமும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் கோடு போடுகிறது. 1965-ம் ஆண்டின் வண்டி மற்றும் பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி, மட்டக்குதிரை மீது ஏற்றக்கூடிய அதிகபட்ச பொதி 70 கிலோ. கழுதைக்கு 50, கோவேறு கழுதைக்கு 200.

இப்போது சாப்பாடு. குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் சுமார் 2 சதவீதம் உலர்தீவனம் தின்னும். 350 கிலோ குதிரைக்கு 7 கிலோ. மூணு நாளைக்கு 21 கிலோ. காட்டில் மேய விடக்கூடாது, அடுத்தவன் தோட்டத்துப் புல்லும் நமக்குச் சொந்தமில்லை. ஆக தீவனத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். நாலு குதிரைக்கு 84 கிலோ. அதைச் சுமக்க ஐந்தாவது குதிரை வேண்டும். ஐந்தாவது குதிரைக்கும் வயிறு இருக்கிறதே? இப்போது மொத்தம் 105 கிலோ. ஒரு குதிரை 70 கிலோதான் சுமக்கும். ஆறாவது குதிரை வந்தாக வேண்டும். ஆறு குதிரைக்கு 126 கிலோ தீவனம். பொதிக்குதிரை இரண்டும் சேர்ந்து சுமக்கக்கூடியது 140.

மிச்சம் 14 கிலோ. நாலு பேருடைய டென்ட், போர்வை, அரிசி, பாத்திரம், மருந்து எல்லாம் அந்த 14 கிலோவுக்குள் அடங்க வேண்டும். நாலு பேரில் யாராவது சேணத்தோடு சேர்த்து 70 கிலோவைத் தாண்டினால் இந்தக் கணக்கும் உடைந்துவிடும். நம்மில் பல பேர் சேணம் இல்லாமலேயே தாண்டுவோம், அது வேறு விஷயம்.

தண்ணீரைச் சுமக்கவே முடியாது. சாதாரண நாளிலேயே ஒரு குதிரை 20 முதல் 30 லிட்டர் வரை குடிக்கும், ஏற்றத்தில் நடந்தால் இன்னும் அதிகம். அதனால் முகாம் போடும் இடம் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அதே சமயம் ஓடைக்கரையிலேயே குதிரையைக் கட்டக்கூடாது. 60 மீட்டராவது தள்ளிக் கட்டி, வாளியில் மொண்டு கொண்டுபோய் வைப்பதுதான் முறை. ஆறு குதிரைக்கு 150 லிட்டர் என்றால், ரெண்டு கையிலும் வாளியோடு எத்தனை நடை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிக்கலில் இருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு. தீவனத்தை முன்கூட்டியே வண்டியில் முகாம் இடத்துக்கு அனுப்பிவிடுவது. அனுபவமுள்ள குதிரைக்காரர்கள் அதைத்தான் செய்வார்கள்.

நம்ம கடற்கரையில் இறங்கிய குதிரைகள்

வடசென்னைக்கும் மலைக்குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஒரு காலத்தில் நிறையவே இருந்தது.

19-ம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாக இந்தியாவுக்குக் குதிரைகள் வந்தன. நியூ சவுத் வேல்ஸில் இருந்து வந்ததால் அவற்றுக்கு 'வேலர்' என்றே பெயர். ஆங்கிலேய ராணுவத்துக்கு அவை தேவைப்பட்டன. அவை வந்து இறங்கிய துறைகளில் ஒன்று மெட்ராஸ். அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும், அலையைக் கிழித்துக்கொண்டு மசூலா படகுகளும் கட்டுமரங்களும் போய் ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். ஆஸ்திரேலியக் குதிரைகளை மெட்ராஸ் கரையில் இறக்கும் காட்சியை ஜே.பி. ஈஸ்ட் என்பவர் 1834-ல் ஓவியமாகவே வரைந்திருக்கிறார். அதிலும் கட்டுமரமும் மசூலா படகும் இருக்கின்றன. வாரக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் நின்று வந்த குதிரையை இந்த அலையில் கரை சேர்ப்பது என்பது, இன்றைக்குக் காசிமேட்டில் படகு தள்ளுபவர்களுக்குத்தான் சரியாகப் புரியும்.

துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டியது 1875-ல். 1881-ல் புயல் அடித்து வேலையைக் கெடுத்துவிட்டது, பிறகு திரும்பக் கட்டினார்கள்.

இங்கே ராணுவக் குதிரைகளுக்குத் தனிப் பண்ணைகளும் இருந்தன. ஓசூர் அருகே மத்திகிரியில் இப்போதும் இருக்கும் அரசு கால்நடைப் பண்ணை, 1824-ல் ராணுவத்துக்குக் குதிரை தயார் செய்யத் தொடங்கப்பட்டதுதான். நூறு வருஷம் கழித்து, 1924-ல்தான் அது கால்நடைத் துறையின் கைக்கு வந்தது.

மலைக்கு ரயில் வரும்வரை மேலே போவதற்கும் குதிரைதான். குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899-ல், ஊட்டிக்கு 1908-ல். அதற்கு முன்னால் போன துரைமார்கள் குதிரையிலோ டோலியிலோதான் ஏறினார்கள். அவர்கள் வழியில் தங்கிய முகாம்களில் தீவனம் சுமக்கவும் தண்ணீர் மொள்ளவும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் இருந்தார்கள். மேலே நாம் போட்ட ஆறு குதிரைக் கணக்கை அவர்கள் போடாததற்குக் காரணம், சுமை முழுக்க அடுத்தவர் தலையில் இருந்தது.

இப்போ நாம் சினிமாவில் பார்க்கும் ஊட்டி 'ஷூட்டிங் மட்டம்' புல்வெளி, அந்தக் காலத்தில் குதிரையில் ஏறி நரி வேட்டையாடிய இடத்தின் ஒரு பகுதி. 1890-களில் மெட்ராஸ் கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் 'வென்லாக் டவுன்ஸ்' என்று அழைக்கப்பட்டது. படத்தில் பார்த்தால் யார் வேண்டுமானாலும் குதிரை ஓட்டலாம் போலத் தெரியும். அது காப்புக்காடு.

ஆசைக்கு இல்லாமல், தேவைக்குக் குதிரை வச்சிருக்கிற ஊர்

குதிரையை மலையில் எப்படி நடத்துவது என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம். கொடைக்கானலுக்குக் கீழே, டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி இறங்கினால் வெள்ளகவி என்ற சின்ன மலைக்கிராமம் வரும். கொடைக்கானலுக்குக் கார் போகும் ரோடு வருவதற்கு முன்னால், அடிவாரத்திலிருந்து மேலே ஏறிய பழைய பாதை இந்த ஊர் வழியாகத்தான் போனது. ரோடு வேறு பக்கம் போய்விட்டது, ஊர் அங்கேயே நின்றுவிட்டது. அரிசி, பருப்பு மேலிருந்து இறங்குவதும், விளைந்த காப்பியும் பழமும் சந்தைக்கு ஏறுவதும் நீண்ட காலமாகக் குதிரை முதுகில்தான்.

இந்த மாதிரி ஊர் இன்னும் இருக்கிறது. தேர்தல் நேரத்து செய்திகளில் பார்த்திருப்பீர்கள். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் மலையூருக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை மேலேறிப் போகும்.

இங்கெல்லாம் குதிரைக்காரர் குதிரை மேல் ஏறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். சுமை குதிரைக்கு, நடை மனிதனுக்கு. செங்குத்தான இறக்கத்தில் முன்னால் இழுக்காமல், குதிரை தானாகக் கால் வைக்க விடுவார்கள். இறக்கத்தில் குதிரையின் முன்கால்களில்தான் பாரம் முழுக்க விழும், அப்போது முதுகில் ஆளும் இருந்தால் மூட்டு போய்விடும். ரீல்ஸில் இறக்கத்திலும் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் ஒரு மலைக்கிராமத்துக் குதிரைக்காரர் என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது!

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு கேதார்நாத் உதாரணம். 2022-ல் யாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செத்து விழுந்தன. ஓய்வில்லாமல் ஒரு நாளைக்குப் பல நடை ஏற்றியது, போதுமான தண்ணீர் தராதது என்று புகார்கள் எழுந்தன. விஷயம் நீதிமன்றம் வரை போனது. 1965-ம் ஆண்டு விதிகளில் நேரக் கணக்கும் உண்டு. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் ஓட்டக்கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே வாங்கக்கூடாது. வாயில் குத்தும் முள் கடிவாளமும் தடை.

நம்ம ஏரியா குதிரையைக் கூட்டிட்டுப் போகலாமா?

கல்யாண ஊர்வலத்துக்கு வரும் சாரட்டுக் குதிரை, பீச்சில் சவாரி போகும் குதிரை, இதில் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்ற யோசனை வந்தால், தயவுசெய்து வேண்டாம்.

அந்தக் குதிரைக்குத் தெரிந்தது தார் ரோடும் மணலும். சமதளத்தில் நடந்து பழகிய கால், ஏற்ற இறக்கத்துக்குத் தயாராக வாரக்கணக்கில் பழக்க வேண்டும். தார் ரோட்டுக்கு அடித்த வழவழப்பான லாடம் ஈரப்பாறையில் வழுக்கும். அடுத்தது குளிர். எண்ணூர் காற்றில் வளர்ந்த குதிரைக்கு ரோமம் மெலிசாக இருக்கும். ஊட்டி இருப்பது 2,200 மீட்டருக்கும் மேலே. ராத்திரி திறந்தவெளியில் வியர்வையோடு நிறுத்தினால் தாங்காது.

நோய்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். 'கிளாண்டர்ஸ்' என்று ஒரு பாக்டீரியா நோய் உண்டு. குதிரைக்குக் குதிரை பரவும், குதிரையிலிருந்து மனிதனுக்கும் பரவும். மூக்கில் சளி, தோலில் புண் என்று தொடங்கும். சிகிச்சை கொடுத்துப் பார்ப்பதற்கு இங்கே இடமில்லை. ரத்தப் பரிசோதனையில் உறுதியானால், 2009-ம் ஆண்டின் கால்நடை தொற்றுநோய்ச் சட்டப்படி அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். இந்த நோய்க்கான முக்கியமான ஆய்வகம் ஹரியானா மாநிலம் ஹிசாரில் இருக்கும் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம். நோயுள்ள ஒரு குதிரை மலைக்குப் போய், அங்கே ஏரிக்கரையில் சவாரி விட்டுப் பிழைக்கும் குதிரைகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தால், அங்கே பல குடும்பங்களின் சோறு போய்விடும்.

குதிரையை லாரியில் ஏற்றுவதென்றால் 1978-ம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் பொருந்தும். பயணத்துக்கு உடல் தகுதி உண்டு என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில்தான் இருக்கிறது, ராயபுரத்திலிருந்து சில கிலோமீட்டர். சாரட்டு வண்டி வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், மலைக்குப் போகாவிட்டாலும் கிளாண்டர்ஸ் பரிசோதனையும் டெட்டனஸ் ஊசியும் பற்றி அங்கே ஒரு தடவை கேட்டுவிடுங்கள். டெட்டனஸ் குதிரையை மிக எளிதில் பிடிக்கும். லாடத்து ஆணிக்குத்து ஒன்று போதும்.

சரி, சட்டப்படி எப்படிப் போறது?

மலையிலேயே வளர்ந்த குதிரை, அந்த ஊர்க் குதிரைக்காரர், பட்டா நிலம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பேச்சே.

ஊட்டி, கொடைக்கானல் ஏரிக்கரைகளில் கிடைப்பது மணிக்கணக்கு சவாரி. அதை வைத்து இரவு முகாமுக்கு அழைத்துப்போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். காசுக்கு ஆசைப்பட்டு அவர் சம்மதித்தாலும், மாட்டினால் குதிரை பறிபோவது அவருக்குத்தான். எஸ்டேட், பண்ணை வீடு வைத்திருப்பவர்களிடம் கேட்கும்போது மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: நிலம் பட்டா நிலம்தான் என்பது, போகும் வழி எங்கேயும் காப்புக்காட்டைத் தொடவில்லை என்பது, கூடாரம் போட உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறது என்பது. இரண்டாவதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தோட்டம் பட்டாவாக இருக்கும், ஆனால் 'வியூ பாயின்ட்' போகும் குறுக்குவழி காட்டுக்குள் நுழைந்து வெளியே வரும். சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேட்பது நல்லது.

2021 ஜனவரியில் கேரளாவின் வயநாடு மேப்பாடியில் ஒரு தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. தனியார் இடம் என்பது யானைக்குத் தெரியாது. காட்டை ஒட்டிய இடமாக இருந்தால், விளம்பரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், உங்கள் காருக்கு இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக அது தேவை.

ராத்திரி குதிரையை எப்படிக் கட்டுறது?

முகாமில் நடக்கும் விபத்துகளில் பலதும் கட்டும் முறையால் வருபவை. மரத்தடியில் நீளக் கயிற்றால் கட்டினால் குதிரை சுற்றிச் சுற்றி வந்து காலில் சிக்கிக்கொள்ளும். குதிரை மிரண்டு ஓடும் ஜாதி. காலில் கயிறு இறுகினால் நின்று யோசிக்காது, உதறும், எலும்பு முறியும். தாழ்வாக, சின்ன மரத்திலோ டென்ட் கம்பியிலோ கட்டுவது அதைவிட மோசம். குதிரை பிய்த்துக்கொண்டு போகும்போது டென்டும் கூடப் போகும்.

சரியான வழி, இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவில், குதிரையின் தலைக்கு மேலே இருக்கும் உயரத்தில் ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டுவது. அந்தக் கயிற்றிலிருந்து ஒவ்வொரு குதிரையையும் தனித்தனியாக, ஒன்றை ஒன்று உதைக்க எட்டாத தூரத்தில் கட்ட வேண்டும். தலையைத் தரை வரை இறக்க முடியணும், ஆனால் காலைக் கயிற்றுக்கு மேலே தூக்கி வைக்க முடியக்கூடாது. மரத்தைச் சுற்றி நேரடியாகக் கயிறு போட்டால் பட்டை உரிந்துவிடும், அகலமான பட்டியோ மடித்த சாக்கோ வைத்து அதன் மேல் கட்டுங்கள். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். தீயோ யானையோ வந்தால் முடிச்சை அவிழ்க்க உங்களுக்குக் கிடைப்பது சில நொடிகள்.

கட்டும் இடத்தைச் சுற்றி என்ன செடி இருக்கிறது என்று வெளிச்சம் இருக்கும்போதே பாருங்கள். அரளி ஒரு கை இலை போதும், குதிரை பிழைக்காது. உண்ணிச்செடியும் விஷம். நீலகிரியில் புதர் புதராக வளரும் ஒரு வகை பெரணி உண்டு, அதைத் தொடர்ந்து தின்றால் குதிரைக்கு நரம்புக் கோளாறு வரும். பசித்த குதிரை கைக்கு எட்டியதைத் தின்னும், அதனால் முன்னால் எப்போதும் கொஞ்சம் வைக்கோல் கிடக்க வேண்டும்.

'நல்லா ஏறணுமே' என்று கிளம்பும் அன்றைக்குக் கொள்ளை அள்ளிப் போடாதீர்கள். தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் குதிரைக்கு வயிற்றுவலி வரும். கேட்க சாதாரணமாக இருக்கிறதா? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைக் காலால் பறிப்பது, படுத்துப் புரள்வது, சாணம் போடாமல் இருப்பது, இதில் எதைப் பார்த்தாலும் பயணத்தை அங்கேயே நிறுத்தி, தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் முகாம் போடக்கூடாது என்று சொல்வதற்கு இதுவே போதுமான காரணம். அருகில் இருக்கும் கால்நடை மருந்தகத்தின் நம்பரை மலையேறும் முன்பே போனில் சேமித்து வையுங்கள்.

காலையில் சேணம் போடுமுன் முதுகைத் தடவிப் பாருங்கள். சூடாகவோ வீங்கியோ இருந்தால் அன்றைக்கு அந்தக் குதிரைக்கு லீவு, உங்களுக்கு நடை. நாலு குளம்பையும் தூக்கிக் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளம்பும் முன் சாணத்தைக் கிளறிப் பரப்பிவிடுங்கள், குவியலாகக் கிடந்தால் ஈ மொய்க்கும். மிச்ச வைக்கோலைச் சாக்கில் அள்ளிக்கொள்ளுங்கள். கால் பறித்த பள்ளத்தை மூடுங்கள்.

கீழே வந்ததும் குதிரைக்காரரிடம் கணக்கு முடிக்கும்போது, குதிரை ஓய்வெடுக்கும் மறுநாளுக்கும் சேர்த்துக் கூலி கொடுத்துவிடுங்கள். கொடுக்கவில்லை என்றால், பிழைப்புக்கு வேறு வழியில்லாமல் அன்று மாலையே அவர் அதே குதிரையை அடுத்த சவாரிக்கு ஓட்டிக்கொண்டு போவார்.